கொட்டியாரக் குடாவில் ஒரு கப்பல்

கப்பலைக் கடலிலே காப்பது மாலுமியின் திறன். அதனைக் கடலுக்கு அனுப்புவது வணிகனின் விருப்பம். இவ்விரண்டும் முரண்படும்போது நேர்வது யாது என்பதற்கு ஈழத்தின் கீழ்க்கரையிலேயே பழைய சான்றொன்று உண்டு.

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடப்பது கொட்டியாரக் குடா. மகாவலி கங்கையின் நீர் கடலொடு கலப்பதும் இக்குடாவிலேயே. அதன் கரையில் மூதூரும், அங்கிருந்து சம்பூர் செல்லும் வழியில் கட்டைபறிச்சானும் அமைந்துள்ளன. வயலும் களப்பும் சூழ்ந்த இப்பகுதிக்கு 1660ஆம் ஆண்டில், நடுப் பாய்மரத்தை இழந்த ஆங்கிலக் கப்பலொன்று வந்து நின்றது. 'ஆன்' என்பது அதன் பெயர். ரொபேட் நொக்ஸ் என்பவர் அதன் மீகாமன். அதே பெயருடைய அவர்தம் மகனும் உடனிருந்தான்.

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் பணியில், 1658 ஜனவரி 21ஆந் தேதி அக்கப்பல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டது. ஓராண்டுக் காலம் துறைதோறும் சென்று வாணிகம் செய்தபின், தாயகம் திரும்புவதற்காக மசூலிப்பட்டினத்தில் சரக்கேற்றிக் கொண்டிருந்தது. வடகீழ்ப் பருவக்காற்றின் காலத்தில் அக்கரையின் திறந்த துறைகளில் நங்கூரமிட்டு நிற்பது ஆபத்தானது. எனினும் சரக்கு நிரம்பாமல் கப்பல் புறப்படுவதில்லை. 1659 நவம்பர் 19ஆந் தேதி பெரும்புயல் எழுந்தது. கப்பல்கள் பல அழிந்தன. 'ஆன்' கப்பலின் மாலுமிகள் நடுப் பாய்மரத்தை அடியோடு வெட்டி வீழ்த்திக் கப்பலைக் காத்தனர். விலைமிக்க மரத்தை இழந்தேனும் உயிரையும் கலத்தையும் காக்க வேண்டும் என்பது கடலோடிகளின் முதற் பாடம்.

ஆனால் பழுதடைந்த கப்பலும் ஊதியம் ஈட்ட வேண்டுமென்று கரையிலிருந்தோர் கருதினர். புனித ஜோர்ஜ் கோட்டையிலிருந்த கம்பனி அதிகாரிகள், துணிச்சரக்கை ஏற்றிக்கொண்டு கொட்டியாரம் சென்று, மரம் நாட்டும் வேளையிலே வாணிகமும் செய்யுமாறு பணித்தனர். பரங்கிப்பேட்டை வணிகர் சிலரும் கப்பலில் வந்தனர். கொட்டியாரம் அந்நாளில் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்சிக்குட்பட்டது. அம்மன்னனுக்குத் திருமுகமும் கையுறையும் அனுப்பித் தம் வரவை முறைப்படி அறிவிக்காமல் விட்டதே தாம் பிடிபட்டதற்குக் காரணமாகலாமென மகன் பின்னர் எழுதினான். முதலில் அஞ்சியிருந்த மாலுமிகள், இருபது நாள்வரை இடையூறின்றிக் கழிந்ததும் காவலைத் தளர்த்தினர். அந்நிலையில் மன்னனின் திசாவை படையுடன் வந்தான். புளியமரத்தடியில் இருந்த மீகாமன் சிறைப்பட்டார். அவரையும் மகனையும் சேர்த்துப் பதினாறு பேர் அகப்பட்டனர்.

கப்பலை ஆற்றினுள் கொணருமாறு ஆணையிடும்படி திசாவை மீகாமனை வற்புறுத்தினான். அவர் இணங்கியவர்போல் மகனைத் தூதனுப்பினார். கப்பலில் உள்ளோரோ கலத்தை ஒப்படையாது காக்க வேண்டும் என்பதே அவர் உள்ளக் கருத்து. மகனும் சென்று சொல்லிவிட்டுத் தந்தைக்கு அளித்த வாக்கின்படி சிறைக்கே மீண்டான். கப்பல் தப்பியது. தந்தை 1661 பெப்ரவரியில் காய்ச்சலால் இறந்தார். மகன் பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், 1679இல், அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து விடுதலை பெற்றான். அவன் எழுதிய இலங்கை வரலாறு 1681இல் வெளிவந்தது.

கரையிலிருந்து வரும் ஆணைக்கும் கடலில் நிற்பவனின் அறிவுக்கும் இடையிலான இப்பிணக்கு அதனோடு தீரவில்லை. 1850ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே வெளிநாடு செல்லும் பிரித்தானியக் கப்பல்களின் தலைவர்க்குத் தேர்வும் சான்றிதழும் கட்டாயமாயின. அளவுமீறிச் சரக்கேற்றிய பழுதுற்ற கப்பல்களைச் சவப்பெட்டிக் கப்பல்களென மக்கள் அழைத்தனர். அவற்றுக்கெதிராகப் பாராளுமன்ற உறுப்பினர் சாமுவேல் பிளிம்சோல் போராடியதால், 1876இல் பாரக்கோடு சட்டமாயிற்று. ஆயினும் அக்கோட்டை எங்கே இடுவதென்று தீர்மானிக்கும் உரிமை கப்பலுடையோரிடமே விடப்பட்டது. அதன் இடத்தைச் சட்டமே வரையறுக்க மேலும் பதினான்கு ஆண்டுகள் சென்றன. மாலுமிகளின் பயிற்சிக்கும் சான்றிதழுக்கும் உலகப் பொதுவான உடன்படிக்கை 1978இல்தான் உருவாயிற்று. பாதுகாப்புக்காக மீகாமன் எடுக்கும் முடிவைக் கப்பலுடையோர் தடுத்தலாகாது என்பதும் இன்று அனைத்துலக விதியாக உள்ளது.

விதிகள் இருந்தும் விபத்து நின்றபாடில்லை. 2021ஆம் ஆண்டு மே மாதம் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்னும் கொள்கலன் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றியது. அதிலிருந்த நைத்திரிக் அமிலக் கொள்கலனொன்று கசிவது முன்னரே தெரிந்திருந்தது. கட்டாரின் ஹமாத் துறையிலும் இந்தியாவின் ஹசீராத் துறையிலும் அதனை இறக்க இயலவில்லை. கப்பல் அதனைச் சுமந்தபடியே பயணத்தைத் தொடர்ந்தது. ஜூன் மாதம் அது மூழ்கிற்று. பிளாத்திக்குத் துகள்கள் மேலைக் கரையில் ஒதுங்கின, மீனவர் தொழிலிழந்தனர்.

மூதூரில் நொக்ஸ் சிறைப்பட்ட இடத்தில் 1893ஆம் ஆண்டு நினைவுக்கல் நாட்டப்பட்டது. நெடுங்காலம் சிறையிருந்த வெள்ளையரின் கதையாகவே அது பலராலும் நினைக்கப்படுகிறது. ஆனால், தாம் பிணைப்பட்ட நிலையிலும் கலத்தைக் கைவிடாத முதிய மீகாமனுக்கும் அக்கதையில் உரிய இடமுண்டு. சரக்கின் விலையை வணிகர் கணக்கிடலாம். கப்பல் எப்போது புறப்படலாம், எங்கே தங்கலாம் என்பதைக் கடலறிந்தவரே சொல்லவேண்டும். அச்சொல்லுக்குக் கரையிலுள்ளோர் செவிசாய்க்கும் காலத்திலேயே கப்பலோட்டும் தொழில் நிலைபெறும்.