இறப்புச் செய்தியும் புகழின் வரம்பும்

பண்டைத் தமிழ் வேந்தருள் சிலர் தாம் இறந்த இடத்தின் பெயரையே தம் பெயர்க்கு அடையாகப் பெற்றுள்ளனர். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன், சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன் என்பன புறநானூற்றின் அடிக்குறிப்புகளால் நாம் அறியும் பெயர்கள். பிற்காலச் சோழருள்ளும் சுந்தர சோழன் பொன்மாளிகைத் துஞ்சின தேவன் எனப்பெற்றான். தக்கோலப் போரில் வீழ்ந்த இராசாதித்தன் ஆனைமேல் துஞ்சினவன் எனப்பெற்றான். ஒரே பெயருடையார் பலரைப் பிரித்தறிதற்கு எழுந்த வழக்கு இஃது என்பர். ஆயினும் வேந்தன் எங்கு இறந்தான் என்பது நாடறிந்த செய்தியாக இருந்தாலன்றி அஃது அவனைச் சுட்டும் அடையாகப் பயன்பட்டிராது.

தொல்காப்பியர் காஞ்சித் திணையில் கையறுநிலையை வைத்தார். புறநானூற்றைத் தொகுத்தோர் அதனைப் பொதுவியலில் அடக்கினர். பாரியையும் அதியமானையும் இழந்து கபிலரும் ஔவையாரும் பாடிய பாடல்கள் இத்துறைக்கு உரியன. இவற்றை நோக்குமிடத்து ஒன்று புலனாகும். பாடப்பெற்றோர் பெரும்பாலும் புரவலர். பாடினோர் அவரால் புரக்கப்பெற்றோர். எனவே, யாருடைய சாவு பாடற்குரியது என்பதனை முடிவு செய்தது புலவர்க்கும் புரவலர்க்கும் இடையே இருந்த உறவு. இதற்கு நேர்மாறான மரபு ஒன்றும் அக்காலத்தே உடன் வழங்கியது. செங்கம் பகுதியில் கிடைத்த பல்லவர் கால நடுகற்கள் ஆநிரை மீட்டுப் பட்ட எளிய வீரனையும் பெயர் சொல்லி நிறுத்துகின்றன. அரசன் ஆட்சியாண்டும் இறந்த காரணமும் உடன் வெட்டப்பெற்றுள்ளன. எடுத்தனூர் நடுகல்லில் தலைவனோடு நின்ற நாய்க்கும் கோவிவன் என்ற பெயர் பொறிக்கப்பெற்றுள்ளது. நாய்க்கும் பெயர் தந்த அக்கல்லை இக்கட்டுரையைப் படிப்போர் மனத்திற்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். பின்னர் அதற்குத் திரும்புவோம்.

அச்சு வந்த பின்னர்க் கையறுநிலை சரமகவி என்னும் பெயரோடு தனித்தாள்களாகவும் சிறு நூல்களாகவும் வெளிவந்தது. 1879-இல் ஆறுமுக நாவலரும், 1901-இல் சென்னையில் சி. வை. தாமோதரம் பிள்ளையும் மறைந்தபோது புலவர் பலர் இரங்கற்பாப் பாடினர். யாழ்ப்பாணத்தில் இறந்தார்க்கு முப்பத்தொன்றாம் நாளில் வெளியிடும் நினைவு நூல் இன்றும் ‘கல்வெட்டு’ என்றே வழங்குகிறது. கல்லிலிருந்து தாளுக்கு மாறியும் பெயர் மாறாமை வியப்புக்குரியது. சென்னைக் குஜிலிக் கடைகளில் விற்ற சிந்து நூல்களோ வேறொரு புகழை அளந்தன. 1931-இல் பகத்சிங் தூக்கிலிடப்பெற்றபோது அச்செய்தி அத்தகைய காலணாப் பாட்டுகளின் வழியாகவே செய்தித்தாள் வாங்கவியலாதார் செவிக்கு எட்டியது.

நாளிதழ்க்கு முற்பட்ட ஓர் இறப்பை ஈண்டுக் கருதுதல் தகும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை 1876 பிப்ரவரி முதல் நாளில் இயற்கை எய்தினார். சுதேசமித்திரன் தோன்றியது 1882-இல். அது நாளிதழாயது 1899-இல். ஆகவே அப்பெரும்புலவரின் இறுதி நாட்களைப் பற்றி நாம் அறிவன எல்லாம் அருகிருந்த மாணவர் உ. வே. சாமிநாதையர் அரைநூற்றாண்டு கடந்து 1933, 1934 ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக வெளியிட்ட வரலாற்றாலும், அவர்தம் தன்வரலாற்றாலும் வந்தவை. அத்தகைய மாணவர் வாய்க்கப்பெறாத புலவர் எத்துணையர் நாளும் ஆண்டும் இன்றி நம் இலக்கிய வரலாற்று நூல்களில் நிற்கின்றனர் என்பதை ஆய்வு மாணாக்கர் அறிவர்.

நாளிதழ் பெருகிய பின் இக்குறை நீங்கிற்று என்று கருதுவோர் உளர். அஃது உண்மையன்று என்பதே எம் துணிபு. மயிலாப்பூரில் வாழ்ந்த வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் 1911 டிசம்பரில் காலமானார். உயர்நீதிமன்ற நீதிபதியாகவும், ஆளுநரின் நிருவாகக் குழு உறுப்பினராகவும் விளங்கியவர். சமஸ்கிருதக் கல்லூரியையும் இந்தியன் வங்கியையும் தோற்றுவித்தோருள் முதன்மையானவர். அவர்க்குச் சேப்பாக்கத்துச் செனட் இல்லத்தின் முன் சிலை எழுந்தது. அவரே தம் செலவில் பாரதியாரின் நாட்டுப் பாடல்களை அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் என்பதும் குறிப்பிடத்தக்கது. பத்தாண்டு கழித்து, 1921 செப்டம்பரில், அப்பாரதியார் திருவல்லிக்கேணியில் மறைந்தார். கிருஷ்ணாம்பேட்டைச் சுடுகாட்டிற்கு உடன் சென்றோர் இருபதின்மர்க்கும் குறைவு என்பர். அவர் அப்போது சுதேசமித்திரனின் உதவியாசிரியர். செய்தித்தாள் அலுவலகத்திலேயே பணியாற்றியவர். பிறர் இறந்தபோது எழுதும் கடப்பாடு அவர்க்கும் இருந்தது. 1906-இல் சுப்பராம தீட்சிதர் மறைந்தபோது அவர் பாடிய இரங்கற்பா அவர்தம் தொகுதிகளில் உள்ளது. ஆயினும் எட்டயபுரத்து மணிமண்டபம் 1947-இல்தான் திறக்கப்பெற்றது. கடற்கரைச் சிலை 1968-இல் நிறுவப்பெற்றது.

இவ்விரண்டு இறப்புகளையும் ஒப்பிட்டு, அக்கால இதழ்கள் கண்மூடி இருந்தன என்று பழித்தல் எளிது. அது முறையன்று. இறப்புச் செய்தி எழுதுவோன் கையில் இருப்பது அன்றைய மதிப்பு மட்டுமே. பதவியும் பட்டமும் அவனுக்கு உடனே தெரிவன. கவிதையின் பெருமை அங்ஙனம் தெரிவதன்று. எனவே இறப்புச் செய்தியின் நீளத்தைக் கொண்டு ஒருவரின் சமகாலப் புகழை அளப்பாரும், பிற்காலப் புகழைக் கொண்டு அச்செய்தியைக் குறைகூறுவாரும் ஒரே பிழையை இரு திசையில் செய்கின்றனர்.

இனிச் சொல் வழக்கை நோக்குவோம். நன்னூலார் தகுதி வழக்கினுள் மங்கலத்தை ஒன்றாக வைத்தார். செத்தாரைத் துஞ்சினார் என்பது அதற்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. இன்றைய நாளிதழ்களில் இம்மங்கல வழக்கு எல்லார்க்கும் ஒப்ப வழங்கப்பெறுவதில்லை. சைவர் சிவபதம் அடைந்தார். வைணவர் பரமபதித்தார் அல்லது ஆசாரியன் திருவடி அடைந்தார். கிறித்தவர் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார். பகுத்தறிவு இயக்கத்தார் இயற்கை எய்தினார். இவை குடும்பத்தார் பணம் செலுத்தி வெளியிடும் அறிவிப்புகளில் காணப்படுவன. சமயத்தின் வேறுபாட்டைக் காட்டுவன. செய்திப் பக்கத்திலோ வேறுபாடு சமயத்தால் அன்று, தகுதியால் அமைகிறது. தலைவரும் நடிகரும் ‘மறைந்தார்’. ஊரறிந்த மருத்துவரும் ஆசிரியரும் உட்பக்கத்தில் ‘காலமானார்’. சாலையில் அடிபட்டவர் ‘உயிரிழந்தார்’. பலர் ஒருங்கே இறப்பின் ‘பலி’. இவ்விறுதிச் சொல்லோடு வருவது பெயரன்று, எண். மங்கல வழக்கு தேய்ந்து தேய்ந்து எண்ணாக முடியும் இப்படிநிலை எந்த இலக்கண நூலிலும் இல்லை. ஆயினும் செய்தியாளர் எவரும் அதனைப் பிழைபட வழங்கக் கண்டிலோம்.

மயிலாப்பூரிலேயே இன்னொரு வரலாறு உண்டு. கபாலீசுவரர் திருக்கோயிலுக்குரிய தேவரடியாராக இருந்த கௌரி அம்மாள் அபிநயத்தில் நிகரற்றவர். பாலசரசுவதிக்கும் ருக்மிணி தேவிக்கும் அபிநயம் பயிற்றியவர் அவரே. தேவரடியார் இறந்தால் திருமடைப்பள்ளியிலிருந்து ஈமத்தீக்கு நெருப்பும், இறைவன் சாத்திய மாலையும் ஆடையும் அனுப்புதல் பல திருக்கோயில்களில் வழக்கமாக இருந்தது. அம்மாலை ஒரு செய்தி; இறந்தவர் ஊர்க்கு உரியவர் என்று வீதியறியச் செய்த அறிவிப்பு. 1947-ஆம் ஆண்டுச் சென்னைத் தேவதாசி ஒழிப்புச் சட்டம் ஒரு கொடுமையைக் களைந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் உழைப்பு மறக்கற்பாலதன்று. ஆயின் அக்கொடுமையோடு இம்மாலையும் போயிற்று. அதன் இடத்தை வேறொன்று நிரப்பவில்லை. கௌரி அம்மாள் 1971-இல் மறைந்தார். இறுதி நாட்களில் வறுமையுற்றிருந்த அவர்க்குக் கலாட்சேத்திரம் துணை நின்றது. ருக்மிணி தேவி 1986-இல் மறைந்தபோது அவர் நாடறிந்த நிறுவனத்தின் தலைவர். மாநிலங்களவையில் உறுப்பினராக இருந்தவர். அவர்க்கு அபிநயம் பயிற்றிய ஆசிரியை இன்று அறியப்படுவது பெரும்பாலும் மாணவியர் நேர்காணல்களில் நன்றியோடு சொல்லிச் சென்ற சொற்களால். நிறுவனம் உடையார்க்கு இறப்புச் செய்தி எழுத வேண்டிய குறிப்புகள் முன்னரே ஆயத்தமாக இருக்கும்; நிறுவனம் அற்றார்க்கு அவற்றைத் தேடித் தருவார் யார்? உ. வே. சா. 1942 ஏப்ரலில், போர் அச்சத்தால் நகர் நீங்கித் திருக்கழுக்குன்றத்தில் தங்கியிருந்தபோது இறந்தார். மறு ஆண்டே அடையாற்றில் அவர் பெயரால் நூல்நிலையம் அமைந்தது. அதனைத் தோற்றுவித்தவர் ருக்மிணி தேவியே. நினைவை நிறுவனமாக்கும் வன்மை அவர்க்கு இருந்தது.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. நியூயார்க் டைம்ஸ் இதழ் 1851 முதல் தான் வெளியிட்ட இறப்புக் குறிப்புகள் பெரும்பாலும் வெள்ளை ஆடவரைப் பற்றியனவாக இருந்தமையை ஒப்புக்கொண்டு, 2018 மார்ச்சில் விடுபட்ட பெண்டிர் சிலர்க்குக் காலங்கடந்து குறிப்பு எழுதத் தொடங்கிற்று. அம்முதல் வரிசையில் 1969-இல் மறைந்த இந்தி நடிகை மதுபாலாவும் இடம்பெற்றார். தமிழ் இதழ் எதுவும் அங்ஙனம் தன் பழைய ஏடுகளைத் திரும்ப நோக்குமாயின், எழுத வேண்டிய முதற் பெயர்களுள் மயிலாப்பூர் கௌரி அம்மாள் பெயர் ஒன்றாதல் வேண்டும்.

தியாகராயநகரின் வரலாறு வேறு. காமராசர் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் திருமலைப்பிள்ளை சாலை இல்லத்தில் மறைந்தபோது நாட்டில் நெருக்கடி நிலையும் இதழ்த் தணிக்கையும் நடைமுறையில் இருந்தன. நடிகர் சிவாஜி கணேசன் 2001 ஜூலை 21-இல் மறைந்தார். பெசன்ட் நகர் மயானம் வரை மக்கள் திரண்டனர். அவர் வாழ்ந்த தெற்குப் போக் சாலை அவர் பெயரைப் பெற்றது. 2017-இல் அடையாற்றில் மணிமண்டபம் திறக்கப்பெற்றது. இத்தகையோர் இறப்பில் செய்தித்தாள் புகழை உண்டாக்குவதில்லை. மக்கள் முன்னரே முடிவு செய்ததைப் பதிவு செய்கிறது.

தொலைக்காட்சிக் காலத்தில் விரைவு ஒரு புதிய இடர்ப்பாட்டைக் கொணர்ந்தது. முதலமைச்சர் ஜெயலலிதா 2016 டிசம்பர் 5 மாலையில் இறந்துவிட்டதாகத் தொலைக்காட்சிகள் சில அறிவித்தன. கட்சி அலுவலகக் கொடி இறக்கப்பெற்று, மருத்துவமனை மறுத்ததும் மீண்டும் ஏற்றப்பெற்றது. நள்ளிரவுக்குச் சற்று முன்னர்தான் அவர் இறந்தார் என்பது மருத்துவமனையின் அறிவிப்பு. இதற்கு முன்னோடியும் உண்டு. 1979 மார்ச்சில் ஜெயபிரகாஷ் நாராயண் உயிரோடிருக்கையிலேயே நாடாளுமன்றத்தில் அவர்க்கு இரங்கல் தெரிவிக்கப்பெற்றது; அவர் மறைந்தது அக்டோபரில். அப்பிழையை விரைவின் மேல் மட்டும் ஏற்றுதல் இயலாது போலும்.

அதே டிசம்பர் 7-ஆம் நாள் சோ ராமசாமி மறைந்தார். நாடகம், திரை, இதழ் என மூன்று துறையிலும் அரைநூற்றாண்டு பேசப்பெற்றவர். வேறு எந்த வாரத்தில் இறந்திருப்பினும் பல நாள் ஏடுகளை நிறைத்திருப்பார். கென்னடி சுடப்பெற்ற 1963 நவம்பர் 22-ஆம் நாளிலேயே ஆல்டஸ் ஹக்ஸ்லியும் சி. எஸ். லூயிசும் இறந்தமை இதற்கு ஒப்பாகும். அன்றியும், ஜெயலலிதா மறைவின் அதிர்ச்சியால் இறந்தோர் என அவர் கட்சி நூற்றுக்கணக்கானோர் பெயர்களை வெளியிட்டு, குடும்பத்திற்கு 3 இலட்சம் ரூபாய் அறிவித்தது. எண்ணாக நின்றிருக்கக்கூடிய எளியோர் பிறிதொருவர் இறப்பின் பொருட்டுப் பெயர் பெற்றனர்.

எடுத்தனூர்க் கல்லுக்குத் திரும்புவோம். 2004 டிசம்பர் 11-ஆம் நாள் எம். எஸ். சுப்புலட்சுமி மறைந்தார். அரசு மரியாதை அளிக்கப்பெற்றது; அவர் பாடிய அரங்குகளும் பெற்ற பட்டங்களும் பக்கம் பக்கமாக எழுதப்பெற்றன; அனைத்தும் தகுதியானவையே. பதினைந்து நாள் கழித்து, 26-ஆம் நாள் காலை, மயிலைக் கடற்கரைக் குப்பங்களையும் பட்டினப்பாக்கத்தையும் பெசன்ட் நகர் ஓரத்தையும் ஆழிப்பேரலை தாக்கியது. தமிழ்நாட்டில் இறந்தோர் ஏறத்தாழ 8,000 பேர். சென்னையில் இருநூற்றுக்கு மேற்பட்டோர். அவ்வார ஏடுகளில் அவ்வெண் நாள்தோறும் திருத்தப்பெற்றது. கோட்டூர்புரத்து இசையரசியையும் கடற்கரைக் குப்பத்து மீனவப் பெண்ணையும் பிரித்தது சில கல் தொலைவே. முன்னவர்க்கு வரலாறும் பின்னவர்க்கு எண்ணும் கிடைத்தமைக்குக் காரணம் செய்தியாளரின் வன்னெஞ்சம் அன்று. ஒரு நாளில் இத்துணைப் பெயரை அச்சிட ஏட்டில் இடமில்லை என்பர். இடமில்லாமை உண்மையே. ஆயின் அப்பெயர்கள் மறுமாதத்திலோ மறுவருடத்திலோ அச்சேறத் தடை யாதும் இருந்ததில்லை.

பெருநாளிதழ்கள் விட்ட இடத்தைச் சிறு வட்டார ஏடுகள் ஓரளவு நிரப்பின. மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ் போன்று வீடுதோறும் இலவசமாக வழங்கப்பெற்ற வாரத்தாள்கள் மாட வீதிக் கடைக்காரர், ஓய்வுபெற்ற பள்ளியாசிரியர், கோயில் தொண்டர் ஆகியோர் மறைவையும் செய்தியாக்கின. இவற்றினும் பரந்தது சுவரொட்டி. கண்ணீர் அஞ்சலி என்னும் தலைப்போடு படமும் பெயரும் தோற்ற மறைவு நாட்களும் அச்சிட்டுத் தெருமுனையில் ஒட்டப்பெறும் தாள் ஏழைக்கும் கிட்டுவது. அதில் பெயரும் நாளும் உறவும் உள; நடுகல்லில் இருந்தனவும் ஏறக்குறைய இவையே. மழைக்கு மறுவாரமே அது கிழிந்துபோகும். எந்த நூலகமும் இவற்றைத் தொகுத்து வைக்க முற்பட்டதாகத் தெரியவில்லை. குஜிலி நூல்களும் ஒருகாலத்தில் இங்ஙனமே புறக்கணிக்கப்பெற்றுப் பின் அரியனவாயின.

ஆய்வு மாணாக்கர் ஒருவரின் மறைவு நாளைத் துணிதற்கு நாளிதழை மட்டும் நம்புதல் போதாது. பாரதியாரின் நினைவு நாள் செப்டம்பர் 11 எனக் கொண்டாடப்பெறுகிறது. அவர் உயிர் பிரிந்தது நள்ளிரவு கடந்த பின்னர். கதிரவன் தோற்றத்தை நாட்டொடக்கமாகக் கொள்ளும் நம் வழக்கில் அது முன்னாளைச் சேரும். ஆங்கிலக் கணக்கில் 12. சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேடு 12 என்றே குறிக்கின்றது. அப்பதிவேட்டில் ஒருவர்க்கு ஒரு பதிவு. முன்னும் பின்னும் அந்நாட்களில் திருவல்லிக்கேணி வட்டாரத்தில் இறந்த பிறர் பெயர்கள் நிற்கின்றன.