பத்து விரலும் மாகாண எல்லையும்: தென்னாப்பிரிக்காவில் அடையாளச் சான்று, 1809–1996

அடையாள அட்டை பற்றிய இன்றைய விவாதம் பெரும்பாலும் தனிமனிதத் தகவலைச் சுற்றியே நடக்கிறது. தென்னாப்பிரிக்காவில் அது நடமாட்டத்தைப் பற்றிய விவாதமாகத் தொடங்கியது. ஒருவர் எந்த மாவட்டத்திலிருந்து எந்த மாவட்டத்துக்குப் போகலாம், வழியில் மறிப்பவரிடம் எதைக் காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் என்ன தண்டனை என்பவை அங்கே ஏறக்குறைய இரு நூற்றாண்டுகள் சட்டத்தின் பிடியில் இருந்தன. அந்தச் சட்டங்களுள் சில இந்தியரை, குறிப்பாகத் தமிழரை, சிறைக்கு அனுப்பின. தமிழில் அது காந்தியின் வரலாறாகவே பெரிதும் எழுதப்பட்டிருக்கிறது. அடையாளச் சான்றின் வரலாறாகவும் அதைப் படிக்கலாம் என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. சான்றின் கொடுமை அதில் எழுதியிருந்த விவரங்களில் இருந்ததைவிட, அதைக் கேட்கும் அதிகாரத்திலேயே அதிகம் இருந்தது. டிரான்ஸ்வால் இந்தியர் இதைத் தெளிவாகக் கண்டுகொண்டனர். ஆனால் தங்களுக்காக மட்டுமே கண்டனர்.

கேப் காலனியின் ஆளுநர் கேலடன் பிரபு 1809-இல் கொண்டுவந்த விதியின்படி, பூர்வகுடிகளான கொய்கொய் மக்கள் நிலையான இருப்பிடம் ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். மாவட்டம் விட்டு மாவட்டம் போக அனுமதிச்சீட்டு வேண்டும். பண்ணைகளுக்கு வேலையாட்களைக் கட்டிவைக்க அது எளிய வழி. 1828-இன் 50-ஆம் அவசரச் சட்டம் கொய்கொய்களை அதிலிருந்து விடுவித்தது. வைரம் கிடைத்ததும் சீட்டு திரும்பி வந்தது. கிம்பர்லி வயல்களுக்கான 1872-ஆம் ஆண்டு அறிவிப்பில் நிறம் பற்றிய பேச்சே இல்லை. ‘வேலையாள்’ என்று மட்டுமே இருந்தது. நிறுத்தப்பட்டவர்களோ கறுப்பர்கள். 1886-க்குப் பின் விட்வாட்டர்ஸ்ராண்டின் தங்கச் சுரங்கங்களுக்கும் இதே ஏற்பாடு பெருமளவில் தேவைப்பட்டது. ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஓடும் தொழிலாளியைப் பிடிக்கச் சுரங்க முதலாளிகள் அரசின் கையை எதிர்பார்த்தனர்.

நேட்டாலில் இந்தியரின் கதை வேறு வழியில் நகர்ந்தது. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டர்பன் சேர்ந்த ‘டிரூரோ’ கப்பலில் முதல் ஒப்பந்தக் கூலிகள் இறங்கினர். எழுத்துப்பூர்வ அனுமதியின்றித் தோட்டத்தை விட்டு வெளியேறுவது குற்றம். இதன் நிழல் கூலிகளல்லாதவர்கள் மீதும் விழுந்தது: சாலையில் செல்லும் எந்த இந்தியரும் தப்பியோடிய கூலியாக இருக்கலாம் என்பது காவலரின் ஊகம். இதற்குத் ‘தீர்வு’ கண்ட 1897-இன் 28-ஆம் சட்டம், ஒப்பந்தத்தில் இல்லாத இந்தியரைத் தவறான கைதிலிருந்து பாதுகாப்பதாகத் தன் தலைப்பிலேயே சொல்லிக்கொண்டது. விரும்பினால் அவர் ஒரு சீட்டு வாங்கிக்கொள்ளலாம். வாங்காதவரைக் காவலர் பிடித்தால், தான் கூலியில்லை என்ற காரணத்தைக் காட்டி அவர் நஷ்டஈடு கேட்க முடியாது. சலுகையாக நீட்டப்படும் சான்று, இல்லாதவர் மீது பழியாகத் திரும்பும் விதம் இவ்வளவு அப்பட்டமாக வேறு சட்டங்களில் தெரிவதில்லை.

அடுத்த திருப்பம் வங்காளத்திலிருந்து வந்தது. அங்கே காவல்துறைத் தலைவராக இருந்த எட்வர்ட் ஹென்றி, அசிசுல் ஹக், ஹேமசந்திர போஸ் ஆகியோரின் உழைப்பில் உருவான விரல்ரேகை வகைப்பாட்டு முறைக்கு 1897-இல் இந்திய அரசு ஒப்புதல் தந்தது. 1900-இல் ஜொகான்னஸ்பர்க், பிரிட்டோரியா காவல்துறையைச் சீரமைக்க ஹென்றி அனுப்பப்பட்டார். எழுத்தறிவில்லாத் தொழிலாளியை அவன் பெயரைக் கேட்காமலே அடையாளம் காணும் வித்தை, பிரிட்டன் கைப்பற்றிய டிரான்ஸ்வாலில் வேரூன்றியது. ‘பயோமெட்ரிக் ஸ்டேட்’ என்ற நூலில் (2014) கீத் பிரெக்கன்ரிட்ஜ் இந்தப் பயணத்தை விரிவாகத் தொடர்ந்திருக்கிறார்.

டிரான்ஸ்வால் 1907-இல் நிறைவேற்றிய ஆசியர் பதிவுச் சட்டம் இந்த வித்தையை இந்தியர், சீனர் மீது ஏவியது. எட்டு வயதுக்கு மேற்பட்டோர் பதிவில் அடங்க வேண்டும். பத்து விரல் ரேகையும் தர வேண்டும். சான்றிதழை எங்கும் எப்போதும் காவலர் கேட்கலாம். அதைக் காட்டாவிட்டால் வணிக உரிமமும் கிடைக்காது. பதியாதவரை நாடு கடத்தலாம். ஆதாருக்காகப் பத்து விரலும் வைத்துப் பழகிவிட்ட நமக்கு, இதற்காகவா இவ்வளவு பேர் சிறை சென்றார்கள் என்று தோன்றக்கூடும். காந்தி ஹென்றியின் நூலைப் படித்திருந்தார். பத்து விரல் ரேகையைச் சட்டப்படி குற்றவாளிகளிடமே வாங்குவார்கள் என்பதை அதிலிருந்து எடுத்துக்காட்டினார். பதிவுக்கான கெடு முடிந்த நவம்பர் 30 அன்று, டிரான்ஸ்வாலில் இருந்த சுமார் 13,000 இந்தியரில் ஏறத்தாழ 500 பேரே பதிந்திருந்தனர்.

ஆனால் எதிர்ப்பு ரேகையின் மீதானது என்று மட்டும் கொண்டால் 1908-இன் நிகழ்ச்சிகள் விளங்காது. ஜனவரியில் டிரான்ஸ்வால் அமைச்சர் ஸ்மட்சுடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கட்டாயம் நீங்கினால் தாமாகவே பதிய காந்தி இசைந்தார். பிப்ரவரி 10 அன்று பதியச் சென்றவரை மீர் ஆலம் என்ற பட்டாணியர் தடியால் அடித்தார்; தடுக்கப் போன தம்பி நாயுடுவும் அடிபட்டார். காந்தி படுக்கையிலிருந்தபடியே பத்து விரலையும் பதித்துக் கொடுத்தார். உடன்பாடு முறிந்ததும், ஆகஸ்ட் 16 அன்று ஹமீதியா மசூதித் திடலில் சுமார் 2,000 சான்றிதழ்கள் தீக்கிரையாயின. எரிந்தவை அவர்கள் விரும்பிப் பெற்ற சான்றுகள். அடையாளம் சொல்வதற்கு அவர்கள் மறுக்கவில்லை. அரசு அதைத் தண்டனை காட்டிப் பிடுங்குவதை மறுத்தனர்.

சிறைகளை நிரப்பியதில் தமிழர் பங்கை காந்தியே திரும்பத் திரும்பக் குறிப்பிட்டார். மொரிஷியசில் பிறந்த தம்பி நாயுடு அவர்களை வழிநடத்தினார். இளைஞர் நாகப்பன் சிறையிலிருந்து வெளிவந்த சில நாட்களில், 1909 ஜூலையில் இறந்தார். இன்னொரு போராளியான நாராயணசாமியின் முடிவு சான்றுச் சட்டத்தின் பொருளை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்தவரை தென்னாப்பிரிக்கத் துறைமுகங்களில் இறங்க விடவில்லை. 1910 அக்டோபரில் டெலகோவா குடாவில் அவர் உயிர் பிரிந்தது. இப்படி நாடு கடத்தப்பட்டுச் சென்னையில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களை ஜி.ஏ. நடேசன் பராமரித்தார்.

1913-இல் போராட்டம் தாளிலிருந்து எல்லைக்கு நகர்ந்தது. அவ்வாண்டின் குடிவரவுச் சட்டம், புதிதாக ஒன்றியமாகிவிட்ட நாட்டுக்குள்ளேயே மாகாண எல்லைகளை இந்தியருக்கு மட்டும் வேலியாக நிறுத்தியது. நேட்டாலில் பிறந்தவர் அனுமதியில்லாமல் டிரான்ஸ்வாலுக்குள் கால் வைத்தால் கைதாவார். டிரான்ஸ்வாலின் தமிழ்ப் பெண்கள் நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் சுரங்கத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தனர். நவம்பர் 6 அன்று சார்லஸ்டவுனிலிருந்து எல்லை தாண்டியவர்கள், காந்தியின் கணக்கில், 2,037 ஆண்களும் 127 பெண்களும் 57 குழந்தைகளும். ஒப்பந்தம் முடிந்து விடுதலை பெற்ற கூலிகள் மீது ஆண்டுதோறும் சுமத்தப்பட்ட மூன்று பவுன் வரியே அவர்களை வெளியே இழுத்தது. அதுவரை வணிகர் நலனையே சுமந்த இயக்கம் அப்போதுதான் கூலிகளின் இயக்கமாயிற்று என்று வரலாற்றாசிரியர் மோரீன் ஸ்வான் வாதிட்டது பெருமளவு சரியே. இப்போராட்டத்தில் சிறை சென்று நோயுற்ற வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22 அன்று, பதினாறு வயதில் இறந்தார்.

1914-இன் இந்தியர் நிவாரணச் சட்டம் வரியை நீக்கியது. கட்டைவிரல் ரேகையுள்ள குடியிருப்புச் சான்றிதழை நாட்டுக்குள் நுழையும் உரிமைக்குப் போதுமான ஆதாரமாகவும் ஏற்றது. ஏழாண்டுப் போராட்டம் ரேகையை ஒழிக்கவில்லை, உரிமைப் பத்திரமாக மாற்றிக்கொண்டது. மாகாண வேலி அப்படியே நின்றது. அதே 1913-இல் ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட்டின் ஆப்பிரிக்கப் பெண்கள் ‘பாஸ்’ எனப்பட்ட அனுமதிச்சீட்டை வாங்க மறுத்துச் சிறை சென்றுகொண்டிருந்தனர். இரு போராட்டங்களும் கைகோக்கவில்லை. 1908-இல் சிறையிலிருந்து வந்த காந்தி, தங்களை ஆப்பிரிக்கரோடு ஒரே வகையில் அடைத்ததையே ஓர் அவமதிப்பாக எழுதினார் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

பாஸ் முறையின் முழு வடிவம் 1952-இல் வந்தது, பாஸ்களை ‘ஒழிக்கும்’ சட்டம் என்ற பெயரில். பதினாறு வயது நிரம்பிய ஒவ்வொரு ஆப்பிரிக்கரும் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருக்க வேண்டும். புகைப்படம், எண், வரி ரசீது, நகரில் இருக்கும் அனுமதி எல்லாம் அதில். மாதந்தோறும் முதலாளியின் கையெழுத்தும் வேண்டும். உரிமையில்லாதவர் நகரில் 72 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் குற்றம். எல்லோருடைய ரேகையையும் பிரிட்டோரியாவில் ஒரே இடத்தில் குவிக்கத் தொடங்கிய அலுவலகம், தாள் மலையை வகைப்படுத்த முடியாமல் திணறியதை பிரெக்கன்ரிட்ஜ் விவரிக்கிறார். அந்தத் திணறல் தெருவில் நின்றவருக்கு உதவவில்லை. மையப் பதிவேடு துல்லியமாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன, கையில் புத்தகம் இல்லாதவரை வண்டியில் ஏற்றக் காவலருக்கு அது தேவைப்படவே இல்லை.

பெண்களுக்கும் பாஸ் என்று அரசு முனைந்தபோது, 1956 ஆகஸ்ட் 9 அன்று சுமார் 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் திரண்டனர். அந்த ஊர்வலத்தின் முன்வரிசையில் ஆப்பிரிக்கரான லிலியன் ங்கோயியோடு இந்தியரான ரஹீமா மூசாவும் இருந்தார். 1913-இல் நிகழாத கைகோப்பு அதற்குள் நிகழ்ந்திருந்தது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில்லில் பாஸ் இல்லாமல் காவல் நிலையத்தின் முன் கூடியவர்கள் மீது சுட்டதில், அரசுக் கணக்குப்படியே 69 பேர் மாண்டனர். பாஸ் கைதுகள் சில நாட்கள் நிறுத்தப்பட்டன, பிறகு தொடர்ந்தன. 1916-க்கும் 1980-களின் தொடக்கத்துக்கும் இடையில் கைதானோர், வழக்குக்கு உள்ளானோர் எண்ணிக்கை 1 கோடியே 70 லட்சத்தைத் தாண்டும் என ஆய்வாளர் மைக்கேல் சாவேஜ் கணக்கிட்டார்.

நீதிமன்றங்கள் முறையை ஓரங்களில் அரித்தன; 1980-இன் கொமானி வழக்கு, நகரில் கணவனோடு வாழ மனைவிக்குத் தனி அனுமதி தேவையில்லை என்றது. 1986-இல் பாஸ் சட்டங்கள் நீங்கின. இந்தியர் மாகாணம் கடக்கும் அனுமதி 1975-இல் பெரும்பாலும் தளர்ந்திருந்தது. ஃப்ரீ ஸ்டேட்டில் தங்குவதற்கான தடை மட்டும் 1980-களின் நடுப்பகுதி வரை நீடித்தது. நாட்டுக்குள் எங்கும் நடமாடவும் குடியிருக்கவும் உள்ள உரிமையை 1996 அரசமைப்பின் 21-ஆம் பிரிவு எழுதி வைத்தது. அடையாளப் புத்தகம் போகவில்லை. எல்லா இனத்தவருக்கும் ஒரே புத்தகம் என்று 1986-லேயே சட்டம் வந்திருந்தது. ரேகையும் அதோடு தொடர்ந்தது. பின்னர் வந்த ஜனநாயக அரசின் உள்துறை, தாளில் இருந்த பழைய ரேகைப் பதிவுகளைக் கணினிக்கு மாற்றிக்கொண்டது.