லான்பத்ரிக்கின் நீலக் கண்ணாடி

பிரிட்டன் தீவின் மேற்குப் பகுதி வேல்ஸ் நாடு. அந்நாட்டின் வடமேற்கு மூலையில் ஆங்கிள்ஸி என்னும் தீவு உளது. அத்தீவின் வடகரையில், ஐரிஷ் கடலை நோக்கியவாறு கெமைஸ் என்ற சிற்றூர் அமைந்திருக்கின்றது. வேல்ஸ் நாட்டின் வடகோடி ஊர் இதுவே என்பர். ஒரு சிறு துறைமுகம், அதனைச் சுற்றிச் சில தெருக்கள், ஊரை ஒட்டிக் கரும்பாறைக் கரைகள், பார்வைக்கு இவ்வளவே. ஆயினும் இவ்வூரின் கிழக்கே பாறை விளிம்பில் நிற்கும் ஒரு பழைய தேவாலயத்தைச் செப்பனிட்டு நிறுத்தியவர் கலிமா மொழிந்த ஒரு முஸ்லிம் ஆவார். நம்மவருட் பலர் இச்செய்தியை அறியார். அறிந்த சிலரோ, பெருமை மிகுதியால் உள்ளதற்கு மேலும் கூட்டிச் சொல்லி வருகின்றனர். உள்ளதை உள்ளவாறு எழுதுவதே நமக்குத் தகும்.

முதலில் ஊரைச் சுற்றி வருவோம். தேவாலயத்திற்குக் கிழக்கே தினாஸ் கின்வோர் என்னும் கடல்முனைக் கோட்டை இருக்கின்றது. இரும்புக் காலத்து மக்கள் மண்ணும் கல்லும் கொண்டு அரண் எழுப்பிய இடம் அது. அதன் உச்சியில் ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு நினைவாகக் கட்டிய சிறு மண்டபம் ஒன்று இடிந்து கிடக்கின்றது. ஈராயிரம் ஆண்டுக்கு முற்பட்ட மண் அரண் நிலைத்திருக்க, நேற்று வந்த மண்டபம் சிதைந்து போயிற்று! அடிவாரத்துக் குடாவில் பீங்கான் தொழிற்சாலையின் இடிபாடுகள் உள்ளன. இன்னும் சற்றுத் தொலைவில் செங்கற்சூளைகளின் பாழ்ச்சுவர்கள். ஊருக்கு மேற்கே வில்வா அணுமின் நிலையம் 1971 முதல் 2015 வரை இயங்கி ஓய்ந்தது. இவற்றையெல்லாம் ஒருமுறை பார்த்துவிட்டு அப்பாற் செல்லலாம். நின்று நோக்கத்தக்கது லான்பத்ரிக் தேவாலயமே.

பெயரிலிருந்தே தொடங்குவோம். ‘லான்’ என்பது வேல்ஸ் மொழியில் திருத்தலத்தைக் குறிக்கும் சொல். ‘பத்ரிக்’ என்பது பாட்ரிக் என்னும் துறவியின் பெயர். அப்பெயரின் முதலெழுத்து வேல்ஸ் மொழியில் தனித்து நிற்கையில் வல்லோசையும், ‘லான்’ என்பதனோடு சேர்கையில் மெல்லிய ஓசையும் பெறும். நாம் ‘பம்பரம்’ என்னும்போது முதற் பகரம் ஒருவாறும் இடைப் பகரம் வேறொருவாறும் ஒலிக்கின்றதன்றோ? அத்தகையதே இதுவும். தமிழில் இரண்டுக்கும் ஓரெழுத்து; அவர்கள் இரண்டெழுத்தால் எழுதுவர். இன்னொரு சுவையும் உண்டு. பாட்ரிக் என்னும் பெயர், உயர்குடியினன் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. அதே சொல் கிரேக்கத்தின் வாயிலாக அரபியிற் புகுந்து ‘பித்ரீக்’ ஆயிற்று. இச்சொல்லை மனத்திற் கொள்க, பின்னர் வேண்டியிருக்கும்.

பாட்ரிக் துறவி அயர்லாந்துக்குப் பயணமாகையில் கரைக்கு எதிரேயுள்ள சிறு பாறைத் தீவில் மரக்கலம் உடைந்து, குகை ஒன்றில் ஒதுங்கி, அங்கே நன்னீர் கண்டு உயிர் பிழைத்தார் என்றும், நன்றிக் கடனாக கி.பி. 440 அளவில் இவ்வாலயத்தை நிறுவினார் என்றும் ஊரார் சொல்லுவர். தீவும் குகையும் ஊற்றும் இன்றளவும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. இஃது ஊர்வழக்கு; எழுத்துச் சான்று உடையதன்று. இப்போது நாம் காணும் கட்டடம் இடைக்காலத்தது. உள்ளே சிலுவையும் மீன் வடிவமும் செதுக்கிய பழைய கல் ஒன்று நிற்கின்றது. மீன் தொடக்கக் காலக் கிறிஸ்தவரின் அடையாளமென்பது யாவரும் அறிந்ததே.

இனி, அம்முஸ்லிமைப் பற்றிக் கூறுவோம். ஹென்றி ஸ்டான்லி 1827இல் ஆல்டர்லிப் பிரபுவின் மூத்த மகனாகப் பிறந்தார். கேம்பிரிட்ஜில் டிரினிடி கல்லூரியில் அரபி பயின்றார். 1847இல் வெளிநாட்டு அலுவலகத்திற் சேர்ந்து, கான்ஸ்டாண்டிநோபிளிலும் ஏதென்ஸிலும் தூதரகப் பணியாற்றினார். 1859இல் பதவி துறந்து கீழ்நாடுகளிற் பயணம் செய்தார். அக்காலத்தில் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். அப்துர் ரஹ்மான் என்று பெயர் கொண்டார். 1869இல் தந்தை இறக்கவே பிரபுப் பட்டம் இவருக்கு வந்தது. பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் அமர்ந்த முதல் முஸ்லிம் இவரே. உடன்பிறந்தாருள் ஒருவர் கத்தோலிக்க ஆயர். மற்றொருவர் எச்சமயமும் சாராத சிந்தனையாளர். தத்துவ அறிஞர் பெர்ட்ராண்ட் ரஸ்ஸலின் தாயார் இவர்தம் சகோதரி. அக்குடும்பத்தார் கூடிய உணவு மேசையில் எத்தகைய வாதங்கள் நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்!

தமிழ் முஸ்லிம்களாகிய நமக்கு இவர் மற்றொரு வகையிலும் உறவினர். போர்த்துக்கீசியர் துவார்த்தே பார்போசா 1516ஐ ஒட்டி எழுதிய கடற்கரை நாடுகளின் வருணனையை, பார்ஸலோனா நூலகத்து ஸ்பானியக் கையெழுத்துப் படியிலிருந்து ஆங்கிலத்தில் ஆக்கி 1866இல் வெளியிட்டவர் இவரே. காயல் துறைமுகத்தைப் பற்றி அந்நூல் கூறுவதை நம்மவர் மறத்தலாகாது. அங்கே முத்துக்குளிப்பைக் குத்தகைக்கு எடுத்த செல்வ முஸ்லிம் ஒருவர் மன்னரை ஒத்த மதிப்புடன் வாழ்ந்தார் என்றும், முஸ்லிம்களின் வழக்குகளை மன்னர் குறுக்கிடாமல் அவரே தீர்த்து வைத்தார் என்றும் பார்போசா எழுதியுள்ளார். நம் முன்னோரின் நிலையைப் பேசும் அவ்வரிகள் ஒரு முஸ்லிமின் கையாலேயே ஆங்கிலத்தில் ஏறின.

1884இல் இவருடைய சிறிய தந்தை வில்லியம் ஓவன் ஸ்டான்லி இறந்தார். ஆங்கிள்ஸியின் பழங்குடிசை வட்டங்களை அகழ்ந்தாய்ந்த தொல்பொருள் அறிஞர் அவர். அவருக்குரிய பென்ரோஸ் பண்ணை நிலங்கள் ஹென்றி ஸ்டான்லிக்கு வந்தன. அதே ஆண்டிலேயே சிதைந்திருந்த லான்பத்ரிக் ஆலயம் அவர் செலவிற் புதுப்பிக்கப் பெற்றது. உட்புறத்தில் நீல ஓடுகள் பதிக்கப்பட்டன. சாளரங்களில் நீலமும் சிவப்பும் வெள்ளையுமான கண்ணாடிகள் வடிவக் கணித ஒழுங்கில் அமைந்தன. இத்தகைய ஆலயச் சாளரங்களில் வழக்கமாகக் காணும் அடியார் உருவங்கள் அவற்றில் இல்லை. இதே தீவில் பொடெவ்ரிட் என்னுமிடத்துச் சிற்றாலயத்திலும் இவர் செய்வித்த சாளரங்களில் இப்போக்கைக் காணலாம். வடகடலின் மங்கிய வெயில் நீலக் கண்ணாடியூடே புகுந்து சுவரிற் படிவதைப் படத்தில் நோக்குவோர்க்கு இஸ்தான்பூலின் பள்ளிவாசல்கள் நினைவுக்கு வரும். அங்கே பணியாற்றியவர் அவற்றை மறந்திருப்பாரோ?

உட்புறம் பள்ளிவாசல்போல் அமைந்தாலன்றிப் பணம் தாரேன் என்று அவர் நிபந்தனை விதித்ததாக ஒரு கதை வழங்குகின்றது. அதனையும் தாண்டி, ‘அது பள்ளிவாசலாகவே கட்டப்பட்டது’ என்று நம்மவர் சிலர் மேடையிற் பேசிவிடுகின்றனர். இது பிழை. அவ்வாலயம் கிழக்கு நோக்கியது. அங்கிருந்து கிப்லாவோ தென்கிழக்கு. அது கிறிஸ்தவ ஆலயமாக இருந்தது, கிறிஸ்தவ ஆலயமாகவே இருக்கின்றது.

அங்ஙனமாயின் ஒரு முஸ்லிம் அதற்குச் செலவிடலாமோ? மாணவர் இதனை நம்மிடம் வினவியதுண்டு. எளிதிற் கடந்துவிடும் வினாவன்று இது. நம் ஷாஃபிஈ ஃபிக்ஹு நூல்களில், தேவாலயம் கட்டுதற்கென ஒருவர் செய்யும் வஸிய்யத் செல்லாது என்றே தீர்ப்பு உளது. ஸ்டான்லியின் செயலை அந்நூல்களைக் கொண்டு நியாயப்படுத்த முயல்வோர் வழி தவறுவர். ஆனால் சூரத்துல் ஹஜ்ஜின் நாற்பதாம் வசனம், மடங்களையும் ஆலயங்களையும் பள்ளிவாசல்களோடு ஒருங்கே குறிப்பிட்டு, அவை இடிபடாமற் காக்கப்படுவதைப் பேசுகின்றது. ஜெரூஸலத்தில் கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தொழுகை நேரம் வந்தபோது தேவாலயத்தினுள் தொழ மறுத்து வெளிப்படியில் தொழுதார்கள்; பின்வரும் முஸ்லிம்கள் அவ்விடத்தை உரிமை கோராதிருத்தற் பொருட்டு என்பர். இதனை அரபியில் எழுதிவைத்தவர் ஒரு கிறிஸ்தவர். பத்தாம் நூற்றாண்டில் அலெக்ஸாண்டிரியாவின் தலைமை ஆயராயிருந்த ஸஈத் இப்னு பித்ரீக். முன்னர் மனத்திற் கொள்ளச் சொன்ன சொல் இதுவே! ஸ்டான்லி புதிய ஆலயம் எழுப்பினாரல்லர்; தம் குடியானவர் தலைமுறை தலைமுறையாக வழிபட்ட கட்டடம் வீழாமல் தாங்கினார். நிலக்கிழார் என்ற முறையில் அது அவர் பொறுப்பென அந்நாட்டார் கருதியிருப்பர். இவ்வளவில் நம் உள்ளம் அமைகின்றது. மார்க்க அறிஞர் வேறு கூறின் கேட்போம்.

அவர் தம் ஈமானை ஒளித்தவருமல்லர். 1903 டிசம்பர் 11, ஹிஜ்ரி 1321 ரமளான் பிறை 21 அன்று மறைந்தார். அவர் விருப்பப்படி, கிறிஸ்தவ முறையில் புனிதப்படுத்தப்படாத மண்ணில், ஆல்டர்லிப் பூங்காவின் மரங்களிடையே அடக்கம் நடைபெற்றது. லண்டனிலிருந்த உதுமானியத் தூதரகத்து இமாம் வந்து முஸ்லிம் முறைப்படி பிரார்த்தனை செய்தார். லிவர்பூல் பள்ளிவாசலில் அப்துல்லாஹ் குயிலியம் ஜனாஸாத் தொழுகை நடத்தினார்.

லான்பத்ரிக் ஆலயத்தில் 1985இல் தீப்பற்றிக் கூரை எரிந்தது. ஊரார் முயன்று சீர்செய்து 1987இல் மீண்டும் திறந்தனர். தீக்குப் பின் ஒரு கிறிஸ்தவச் சிற்றூர் ஒரு முஸ்லிமின் விருப்பத்தைக் களைந்துவிட எண்ணியிருந்தால், தடுப்பார் எவருமிலர். நீல ஓடும் நீலக் கண்ணாடியும் இன்றும் அங்கே உள்ளன.