கதவடியில் ஒரு பை இருந்தது

உடுப்பிட்டியில் எங்கட வீடுகளில் ஒரு காலம் கதவடியில் எப்போதும் ஒரு பை கட்டினபடி இருந்தது. அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணி உறுதி, கொஞ்ச நகை, ஒரு சோடி உடுப்பு, பனடோல், குழந்தைப்பிள்ளை இருந்தால் பால்மா. ஷெல் சத்தம் கேட்டால் வீட்டில் முதலில் வரும் சொல் "பையை எடு" என்பதுதான். போரின் வரலாறு என்றால் படை நடவடிக்கைகளின் பெயரையும் திகதியையும்தான் எழுதுகிறார்கள். நாங்கள் இந்தப் பையிலிருந்து தொடங்குவம்.

ஆயத்தமாக இருப்பது எங்களுக்குப் போருக்கு முன்னமே தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் மாரி இறங்கமுன் கூரை வேய்ந்து, வேலி அடைத்து, விறகை நனையாத இடத்தில் அடுக்கிவிடுவார்கள். தை, மாசி வெயிலில் காயவைத்த ஒடியலும் புழுக்கொடியலும் வீட்டில் இருக்கும். வேலை இல்லாத மழைநாளில் கூழுக்கு அதுதான் கை கொடுத்தது.

1987 மே 26இல் வடமராட்சியில் 'ஒப்பரேஷன் லிபரேஷன்' தொடங்கியது. சனத்தைக் கோயில்களிலும் பாடசாலைகளிலும் கூடச் சொன்னார்கள். கதவடியில் இருந்த பை அன்றைக்குத் தெருவுக்கு வந்தது. அந்த வருசங்களில் வளவுக்குள் பங்கர் வெட்டாத வீடு குறைவு. சுண்ணாம்புக்கல் தட்டுப்படும் இடத்தில் ஆழமாக வெட்டேலாது. மேலே பனங்குற்றி பரப்பி மண்மூட்டை அடுக்க வேணும். தனி ஒரு வீட்டால் முடிகிற வேலை இல்லை. அதனால் நாலு வீட்டார் சேர்ந்து வெட்டினார்கள், நாலு வீட்டாரும் அதுக்குள்ளே இருந்தார்கள்.

1990இல் மின்சாரமும் போய், பொருளாதாரத் தடையும் வந்தது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, துளி மண்ணெண்ணெய் விட்டு விளக்கெரித்தோம். சைக்கிள் டைனமோவைச் சுத்தி ரேடியோ கேட்டோம். சவுக்காரம் இல்லாத வீட்டில் பனங்களியால் உடுப்புத் தோய்த்தார்கள். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது தென்மராட்சிக்கும் வடமராட்சிக்கும் சனம் வந்து நிறைந்தது. ஒரு கிணறு, ஒரு மலசலகூடம், பல குடும்பம். 'எங்கட வீடு' என்ற சொல்லுக்குள் எத்தனை பேர் அடங்குவார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது வடமராட்சிக் கரையோரச் சனத்துக்குப் பையை எடுக்கவும் நேரம் இருக்கவில்லை. அதற்குப் பிறகுதான் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டமும், அனர்த்த முகாமைத்துவ நிலையமும் வந்தன. அவசரத்துக்கு 117 என்ற இலக்கமும் இருக்கிறது.

2009க்குப் பிறகு பங்கர்களை மூடினோம். பையும் அலுமாரிக்குள் போய்விட்டது. அதில் பிழை இல்லை, பயமில்லாமல் வாழத்தானே ஆசைப்பட்டோம். ஆனால் 2024 நவம்பர் கடைசியில் கொட்டின மழையில் எங்களில் ஒருவர் வீட்டில் அலுமாரியின் கீழ்த்தட்டில் இருந்த உறுதி நனைந்தது. கரண்ட் இல்லாமல் கிணற்று மோட்டர் ஓடவில்லை. கப்பியும் கயிறும் எப்பவோ கழற்றி எறிஞ்சாச்சு. கிணறு நிறையத் தண்ணி, குடிக்க ஒரு வாளி அள்ள வழியில்லை. வெள்ளம் மலக்குழியைத் தொட்டுக் கிணற்றில் கலந்தால் அந்தத் தண்ணியையும் கொதிக்கவைத்துத்தான் குடிக்கவேணும். அதுக்கு நனையாத விறகும் வேணும்.

இதெல்லாம் எங்கட அம்மம்மாமாருக்குத் தெரிந்த விசயம். பையும் கப்பியும் ஒரு கிழமைக்குள் திரும்ப வைக்கலாம். சொப்பிங் பாக் இரண்டு போட்டு உறுதியைச் சுத்தி உயரத்தில் வைக்கலாம். கஷ்டமான கேள்வி வேறை. 87இல் பையோடு சேர்த்து வயசான ஆக்களையும் தூக்கிக்கொண்டு ஓட வீட்டில் பெடியள் இருந்தார்கள். இன்றைக்கு ஊரில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் கனடாவில், லண்டனில். இங்கே இருப்பது தனி ஒரு ஆச்சி.

அதனால் இந்த ஐப்பசிக்கு முன் எங்கட கிணறுகளில் கப்பி பூட்டப்போகிறோம். பிறகு ஒழுங்கை ஒழுங்கையாகப் போய் ஒவ்வொரு ஆச்சியிட்டையும் ஒன்று கேட்கப்போகிறோம்: "வெள்ளம் வந்தா உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஆர் வருவினம்?" ஒருத்தரும் இல்லையென்றால் அந்த இடத்தில் எங்கட பெயரை எழுதுவம்.