திண்டுக்கல்லும் ஆயுத உரிமமும்

திண்டுக்கல் நகரை எத்திசையிலிருந்து அணுகினாலும் முதலிற் கண்ணுக்குத் தெரிவது அந்தப் பெரும்பாறையே. சமவெளியின் நடுவே திண்டு போலக் கிடக்கும் கல். அதன் உச்சியில் பழைய கோட்டை. மாணவர்கள் பலர் அதன் மீது ஏறி ஊரைப் பார்த்து மகிழ்ந்திருப்பீர்கள். ஆனால் இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் கோட்டை அன்று. அக்கோட்டையைச் சுற்றி நடந்த போராட்டங்களிலிருந்து பிறந்த ஒரு காகிதம். துப்பாக்கி வைத்திருப்போர் துப்பாக்கியைவிடப் பத்திரமாகப் பாதுகாக்கும் ஆயுத உரிமம், அதாவது மக்கள் வழக்கில் 'லைசென்சு'.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வுரிமம் பற்றி விசித்திரமான ஒரு நிலை உண்டு. அங்கே 50 மாநிலங்கள். ஒவ்வொன்றுக்கும் தனிச் சட்டம். கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்துக் கொண்டு செல்ல ஒரு மாநிலம் வழங்கிய அனுமதியை அடுத்த மாநிலம் ஏற்கவும் செய்யலாம், மறுக்கவும் செய்யலாம். ஆகவே, பல மாநிலங்களைக் கடந்து செல்வோர், தாம் குடியிராத யூட்டா, பிளாரிடா போன்ற மாநிலங்களின் அனுமதிச் சீட்டுகளை ஒப்பிட்டு, எது மிகுதியான இடங்களிற் செல்லுபடியாகும் என்று பார்த்து வாங்குகின்றனர். கடையிற் குடை வாங்குவது போன்ற தேர்வு!

நம் நாட்டில் இத்தகைய தேர்வுக்கு இடமில்லை. திண்டுக்கல்லில் வாழ்பவர், கேரளத்தின் உரிமம் வசதியானது என்று கருதி அங்கே போய் விண்ணப்பிக்க இயலாது. தம் இருப்பிடத்திற்குரிய அதிகாரியிடமே கேட்க வேண்டும். கேட்பதற்குக் காரணமும் காட்ட வேண்டும். அங்கே 1791-ஆம் ஆண்டு அரசியலமைப்புத் திருத்தம் ஆயுதம் தாங்குவதை மக்களின் உரிமை என்று தொடங்குகிறது. இங்கே சட்டம் 'கூடாது' என்று தொடங்கிப் பிறகு விலக்கு அளிக்கிறது. இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது? விடை தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை; பாறையின் அடிவாரத்திற்கே திரும்பலாம்.

மதுரை நாயக்கர்கள் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பாறையிற் கோட்டை எழுப்பிய காலத்தில், ஆயுதம் அரசனது படைவீட்டில் மட்டும் இருந்த பொருள் அன்று. பாளையக்காரர்களிடமும் அவர்தம் வீரர்களிடமும் ஊர்க் காவல்காரர்களிடமும் ஈட்டியும் வாளும் வளரியும் திரித்துப்பாக்கியும் இருந்தன. வழிப்போக்கரும் வணிகரும் காவல்காரர்க்குக் கட்டணம் செலுத்தி அவர் துணையோடு சென்றனர். ஒரு காவல் எல்லை முடியும் இடத்தில் அவர் பொறுப்பும் முடியும். அப்பால் வேறொருவரது காவல். எல்லைக்கு எல்லை அனுமதி மாறும் வழக்கம் அமெரிக்கர் கண்டுபிடித்த புதுமை அன்று என்பது இதனாற் புலனாகும்.

1755-ஆம் ஆண்டில் ஹைதர் அலி மைசூர் அரசின் சார்பில் திண்டுக்கல் பௌஜ்தாராக வந்தார். பிரெஞ்சுத் தொழில் வல்லுநரைக் கொண்டு இங்கே ஓர் ஆயுதச் சாலையை அமைத்தார். பின்னாளில் ஆங்கிலேயரை நடுங்கச் செய்த அவரது படைவலிமை இவ்வூரிலேயே உருப்பெறத் தொடங்கியது எனலாம். பூட்டுக்குப் பெயர்பெற்ற ஊர் ஒருகாலத்தில் படைக்கலங்களுக்கும் பெயர்பெற்றிருந்தது. அதன்பின் கோட்டை பலமுறை கைம்மாறியது. 1790-இல் கர்னல் ஸ்டூவர்ட் அதனைக் கைப்பற்றினார். 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் சீமை கும்பினியாருக்கே உரியதாயிற்று.

நிலம் கைக்கு வந்தது; மனிதர் கையிலிருந்த ஆயுதம் வரவில்லை. அதுவே கும்பினியாரின் கவலை. விருப்பாட்சிப் பாளையக்காரர் கோபால நாயக்கர், சிவகங்கையின் மருது சகோதரர்கள் முதலியோருடன் சேர்ந்து, தனித்தனிப் பாளையங்களாகக் கிடந்த எதிர்ப்பை ஒரே அணியாக இணைக்க முயன்றார். இன்றைய தமிழ்நாடு, கேரளம், கருநாடகம் ஆகிய மூன்று பகுதிகளையும் அந்த அணி தொட்டது. ஆயுதம் ஏந்தியோர் எல்லை கடந்து ஒன்றுசேர்வதை ஆட்சியாளர் எவ்வளவு அஞ்சினர் என்பதை அறிய 1801-ஆம் ஆண்டின் இரண்டு அறிக்கைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தாற் போதும்.

முதலாவது ஜூன் 16-ஆம் நாள் சின்ன மருது வெளியிட்டது. திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட அது, சாதி வேறுபாடின்றி எல்லோரும் அந்நியரை எதிர்த்து ஆயுதம் ஏந்துமாறு அழைத்தது. இரண்டாவது டிசம்பர் 1-ஆம் நாள் சென்னைக் கவர்னர் கிளைவ் பிரபு வெளியிட்டது. இவர் பிளாசியிற் போரிட்ட கிளைவ் அல்லர், அவருடைய மகன். ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், இனி அவற்றை வைத்திருப்பது குற்றம், கோட்டைகள் இருத்தல் ஆகாது என்பது அதன் சாரம். இரண்டுக்கும் இடையில் ஆறு திங்கள்கூட இல்லை. அதற்குள் மருதிருவரும் தூக்கிலிடப்பட்டனர். கோபால நாயக்கரும் அவ்வாண்டிலேயே தூக்குமரம் ஏறினார். பாளையக்காரரின் மண்கோட்டைகள் இடிக்கப்பட்டன. தென்னாட்டில் ஆயுதம் வைத்திருப்பது வழக்கம் என்ற நிலை மாறிக் குற்றம் என்ற நிலை பிறந்தது அப்போதுதான்.

1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சிக்குப் பின் இக்கொள்கை இந்தியா முழுமைக்கும் பரவியது. வைஸ்ராய் லிட்டன் காலத்தில் 1878-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நிறைவேறியது. வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். ஆயுதத்தோடு வெளியே நடமாடவும் உரிமம் வேண்டும். ஆனால் ஐரோப்பியருக்கு விதிவிலக்கு! நம்மவரைப் புண்படுத்தியது தடையைக் காட்டிலும் இந்த விலக்கே என்று எனக்குத் தோன்றுகிறது. குடகு நாட்டினருக்கும் 1861 முதல் விலக்கு இருந்தது. அது 1857-இல் அவர்கள் காட்டிய விசுவாசத்திற்குக் கிடைத்த பரிசு. நம்பத்தக்கவன் எவன் என்பதை ஆளுவோரின் அச்சமே தீர்மானித்தது. 1887-இல் பத்ருதீன் தயாப்ஜி தலைமையில் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபை, இச்சட்டத்தைத் திருத்த வேண்டுமென்று தீர்மானம் செய்தது. இன வேறுபாடு விதிகளிலிருந்து நீங்குவதற்கு முதல் உலகப் போர் முடியும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அக்காலத்தில் எல்லை என்பது நிலப்படத்துக் கோடு மட்டும் அன்று. திண்டுக்கல்லுக்கு மேற்கே மலையைக் கடந்தால் திருவிதாங்கூர், கிழக்கே புதுக்கோட்டை, வடகிழக்கே பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரி. ஒவ்வொன்றும் வேறு ஆட்சி. பிரிட்டிஷ் சட்டம் புதுச்சேரியிற் செல்லாது. எனவே தேசபக்தர் பலருக்கு அது புகலிடமாயிற்று. துப்பாக்கிப் பயிற்சியும் அங்கே நடந்தது. 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கைத்துப்பாக்கிக்கு எந்த அரசும் உரிமம் தரவில்லை. கொலையை நாம் போற்ற வேண்டியதில்லை. இருப்பினும், 33 ஆண்டுகளாக நடப்பிலிருந்த கடுஞ்சட்டத்தால் அந்த ஒரு துப்பாக்கியைத் தடுக்க இயலவில்லை என்பது வரலாறு.

காந்தியடிகள் 1930 ஜனவரியில் வைஸ்ராய் இர்வினுக்கு முன்வைத்த 11 கோரிக்கைகளுள் உப்புவரி நீக்கத்தை எல்லோரும் அறிவர். தற்காப்புக்காகத் துப்பாக்கி உரிமம், மக்களின் கட்டுப்பாட்டிற்கு உட்பட்டு, வழங்கப்பட வேண்டும் என்பதும் அவற்றுள் ஒன்று. அகிம்சையின் ஆசான் இதைக் கேட்டாரா என்று வியப்பவர் உண்டு. அவர் கேட்டது துப்பாக்கியை அன்று. ஒரு நாட்டு மக்கள் அனைவரையும் நம்பத்தகாதவராக வைத்திருந்த நிலை நீங்க வேண்டும் என்பதையே.

சுதந்திர இந்தியா 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் இயற்றியது. 1962 அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. உரிமம் கட்டாயம் என்ற அடிப்படை மாறவில்லை. மாறியது வேறு. உரிமம் மறுக்கும் அதிகாரி காரணத்தை எழுதிவைக்க வேண்டும்; மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்யலாம். கிளைவ் பிரபுவின் அறிக்கையை எதிர்த்து எவரிடம் மேல்முறையீடு செய்திருக்க முடியும்? 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், பொதுவாக ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. உரிமத்தின் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாகியது. இவ்வுரிமம் எந்தப் பரப்பிற் செல்லும் என்பதும் அதிலேயே எழுதப்படும்: மாவட்டமா, மாநிலமா, நாடு முழுமையுமா என்று. எழுதிய எல்லைக்கு அப்பால் துப்பாக்கியோடு கால் வைத்தால், உரிமம் பெற்றவரும் உரிமம் அற்றவரே.

இச்சட்டத்தில் உழவருக்கென்று ஓர் இடம் உண்டு. பயிர்க் காவலுக்காக வாய்வழி மருந்திடும் நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் கோரலாம். சிறுமலை, பழனிமலைச் சரிவுகளில் வாழையும் மொச்சையும் பயிரிடுவோர்க்குக் காட்டுப்பன்றியின் தொல்லை இன்றும் பெரிது. எனினும், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், கையிலே துப்பாக்கி இருப்பதனால் மட்டும் விலங்கைச் சுட உரிமை கிடைத்துவிடாது. பெரும்பாலும் ஓசை எழுப்பி விரட்டத்தான் அது பயன்படும். தேர்தல் அறிவிக்கப்பட்டால் அதிகாரிகளின் ஆணைப்படி துப்பாக்கிகள் காவல் நிலையம் வந்து சேர்கின்றன. ஒப்படைத்தவர் ரசீதைப் பெற்று மடித்து உரிமப் புத்தகத்தினுள் வைத்துக்கொண்டு ஊர் திரும்புகிறார். வாக்குகள் எண்ணி முடியும்வரை அவரது வாழைத்தோட்டத்திற்குத் தகர டப்பாவும் தீப்பந்தமுமே காவல்.