சைக்கிள் செயின் தேய்மானம்

சைக்கிள் செயின் நீள்வதற்குக் காரணம் இரும்பு இழுபடுவதல்ல. கண்ணிகளைக் கோத்திருக்கும் சிறு ஆணிகள் உராய்ந்து தேய்வதுதான். புதுச் செயினில் கண்ணிக்குக் கண்ணி அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ. இந்த இடைவெளி கூடக்கூட செயின் பல்சக்கரத்தில் படிந்து உட்காராமல் மேலேறும். பற்கள் கொக்கிபோல் தேயும். ஹப்புக்குள் கியர் அடங்கிய சைக்கிளிலும், தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கும் கியரில்லாத சைக்கிளிலும் செயின் நேர்கோட்டில் ஓடுவதால் தேய்மானம் குறைவு. ஆனால் குறைவு என்பதை இல்லை என்று கொள்வது பெரும்பிழை.

கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலையடிவாரம் வரையிலான மண்பாதைகளில் இது தெளிவாகும். எண்ணெயில் ஒட்டும் புழுதி அரைப்பசையாகி ஆணிகளைத் தின்கிறது. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதிக்கையில் உடல் எடை முழுவதும் அந்த ஆணிகளில்தான் இறங்குகிறது. செயின் தொய்ந்தால் பின்சக்கரத்தை இழுத்து இறுக்கினால் போதாதா என்பார்கள். இறுக்கினால் தொய்வு போகும். அகன்ற இடைவெளி அப்படியே இருக்கும். சொல்லப்போனால், தேய்மானத்தை மறைப்பதே அந்த இறுக்கம்தான். செயின் கவர் காக்குமே என்றால், அது மேலே விழும் சேற்றைத்தான் தடுக்கிறது, உள்ளே சேர்ந்த மண்ணை அல்ல. பள்ளி ஸ்கேலே நல்ல அளவுகோல்: 20 கண்ணிகள் 25.4 செ.மீ. இருக்க வேண்டும், 25.65 செ.மீ.யைத் தாண்டினால் செயினை மாற்றிவிட வேண்டும். பழைய எஞ்சின் ஆயிலில் உலோகத்துகள் கலந்திருக்கும் என்பதால் செயினுக்கு விட அது ஆகாது. துணியால் துடைத்து, கண்ணிக்கு ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, மேலே வழிவதையும் துடைத்துவிட வேண்டும்.