தேவந்திகை மேல் வந்தவர்கள்: ஓருடலில் இருவர் என்னும் கருத்தின் மறுவாசிப்பு

மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைகளின் திகில் வகையில், மனித உடலுக்குள் பேயொன்று புகுந்து அம்மனிதனோடு சேர்ந்தே வாழ்வது நிலைபெற்ற கதைக்கருவாகும். கோ நகாய் 1972-73இல் வரைந்த ‘டெவில்மேன்’ அதன் முன்மாதிரி. இதனைத் தமிழகத்துப் பேய்பிடித்தலோடு ஒப்பிட்ட ஆய்வுப்போக்கு ஒன்று, மங்காவில் உடலுக்கு உரியவனின் தன்னுணர்வு பிழைத்திருக்கிறது என்றும், தமிழ் மரபில் அது முற்றாக அழிந்து உடல் வெறும் கலமாகிவிடுகிறது என்றும் முடிவு கட்டியுள்ளது. அம்முடிவு பேயோட்டும் சடங்கை மட்டும் சான்றாகக் கொண்டது. திருமானூரை ஒத்த கொள்ளிடக் கரை ஊர்களில் பூசாரி உடுக்கையடித்து, “நீ யாரு, எந்த ஊரு, எங்க புடிச்ச, என்ன குடுத்தா போவ?” என்று கேட்பதும், பின்னர் உச்சிமுடிக் கற்றையைப் புளியமரத்தில் ஆணியடித்து இறுக்குவதும் விரட்டுவதற்கான முறைகள், விரட்ட வேண்டாத வருகையைப் பற்றி அவை பேசுவதில்லை.

அத்தகைய வருகைக்கு மிக நெருங்கிய சான்று சிலப்பதிகாரத்தின் வரந்தரு காதையில் உள்ளது. சேர மன்னன் செங்குட்டுவன் முன்னிலையில் தேவந்திகை மீது பாசண்டச் சாத்தன் என்னும் தெய்வம் ஏறுகிறது. கூந்தல் குலைந்து சரிகிறது, புருவம் துடிக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது. அவள் வாய்வழிப் பேசும் குரல் தன் பெயரைத் தன்மையில் கூறி, தான் வந்து நிற்கும் பெண்ணைப் படர்க்கையில் பார்ப்பனி என்று சுட்டுகிறது. கலம் வெறுமையானது என்னும் கொள்கைக்கு இது இடர் தருவதாகும். ஏனெனில் ஏறிய தெய்வமே அவளைத் தன்னின் வேறான ஒருத்தியாக, ஒரு குலத்துக்கும் ஓர் உறவுக்கும் உரியவளாக, அவையோர்முன் நிறுத்துகிறது.

உறவே இங்கு முதன்மையானது. கனாத்திறம் உரைத்த காதையின்படி, மாலதி பாலூட்டுகையில் இறந்துபோன மாற்றாள் குழந்தையை இடாகினிப் பேய் சுடுகாட்டில் தின்றுவிட, சாத்தன் அக்குழந்தையின் வடிவெடுத்து வளர்ந்து, தேவந்திகையை மணந்து, எட்டாண்டு உடன்வாழ்ந்து நீங்கினான். பேய் உடலை உண்கிறது. தெய்வம் உடலைப் போலி செய்கிறது. வரந்தரு காதையிலோ அதே தெய்வம் தன் மனைவியின் உடலில் வந்து நின்று பேசுகிறது. டெவில்மேனில் நிகழ்வது இதன் மறுதலை: அமோன் என்னும் பேய் ஃபுதோ அகிராவுக்கு முற்றிலும் அயலானது, இருவர்க்கும் இடையே மனவலிமைப் போரன்றி வேறு தொடர்பில்லை, வென்றவனுக்கே உடல் உரியதாகிறது.

சாத்தன் தெய்வம், பேயன்று என்னும் மறுப்பு எழலாம். விரட்டப்படுவதா வரவேற்கப்படுவதா என்பதே இங்குப் பேயையும் தெய்வத்தையும் பிரிக்கும் எல்லையாகத் தோன்றுவதால், அம்மறுப்பு நெடுந்தொலைவு செல்லாது. வரந்தரு காதை அடங்கிய வஞ்சிக் காண்டமே பிற்சேர்க்கை என்போரின் வாதமும் இவ்வாசிப்பைத் தொடாது. பிற்காலத்தவர் எழுதியிருப்பினும் எழுதியது தமிழர் உடற்கருத்தையே.

இதே காதையில் கரகத்து நீர் தெளிக்கப்பட்ட மூன்று சிறுமியர், கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும் ஆய்ச்சி மாதரியுமாக முற்பிறப்பு உணர்ந்து அரற்றுகின்றனர். அங்கு வெளியிலிருந்து வந்தவர் எவருமில்லை. பழைய உயிர் புதிய நினைவின் அடியிலேயே இருந்தது. ஆதலின் ஓருடலில் இருவர் பேசுவதைக் காப்பியம் ஒரே அச்சில் வார்க்கவில்லை என்பதும், புகுதல் என்னும் ஒற்றை விளக்கத்துக்குள் அதனை அடக்குவது பொருந்தாது என்பதும் புலனாகின்றன.

தேவந்திகை தன் மேல் வந்தவரின் சொற்களைப் பின்னர் நினைவில் வைத்திருந்தாளா என்பதைக் காப்பியம் கூறவில்லை. அம்மௌனத்தைக் கொண்டு தன்னுணர்வு அழிந்தது என்று துணிவது மிகை. கூறப்பட்டிருப்பது வேறொன்று. சாத்தன் ஏறியதைக் கண்ணாரக் கண்ட செங்குட்டுவன் அவளைத் தூய்மைப்படுத்த ஆணையிடவில்லை. கண்ணகி கோட்டத்துக்கு நாள்தோறும் பூவும் புகையும் இட்டு வழிபடும் பொறுப்பை அவளிடமே ஒப்படைக்கிறான். அதன் பின்னர்தான் காப்பிய ஆசிரியர் இளங்கோவடிகள் அங்குச் செல்ல, கண்ணகி அதே தேவந்திகை மேல் தோன்றி அவர் துறவு பூண்ட வரலாற்றை உரைக்கிறாள். முதல் வருகைக்கு ஆட்பட்டவள் கணவனை இழந்து கோட்டங்களை நாடிச் சென்ற பெண். இரண்டாம் வருகையின்போது அவள் அரசாணையால் அமர்த்தப்பட்ட பூசகி, வந்தவளோ அவளுடைய பழைய தோழி.